எட்டுப் பேருக்கு எட்டு நாற்காலி

மாதம் இரண்டு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்காக மருத்துவமனை மாடியில் விழா நடத்தினார்கள். வந்தது எட்டுப் பேர். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. மியூசிக்கல் சேர் விளையாட்டுக்கு, விழாவை நடத்திய டெய்சி மேடம் எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். பாட்டு ஓடியது, நின்றது, எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். மேடம் கை தட்டினார். மறுபடி பாட்டு, மறுபடி எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது தடவை சஃப்ரீனா உட்காரவில்லை.

“மேடம், ஒரு சேரை எடுங்க.”

“இங்க யாருமே தோக்கக் கூடாதும்மா. நீங்க படுறதெல்லாம் போதாதா?”

“அப்போ இது எதுக்கு? சும்மா உக்கார வார்டுலயே பெட் இருக்கே.”

தன் நாற்காலியைத் தானே தூக்கினாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த புறங்கையில் காலையில் ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் இருந்தது. மேடம் வாங்கிக்கொள்ள ஓடிவந்தார். கொடுக்காமல், கொண்டுபோய்ச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.

“பாட்டைப் போடுங்க.”

இந்த முறை எல்லோரும் நாற்காலியை விட்டுக் கண்ணெடுக்காமல் சுற்றினார்கள். பாட்டு நின்றது. கடைசி நாற்காலிக்கு இன்பராஜும் சஃப்ரீனாவும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அவள் இடுப்பால் ஒரே இடி. அவன் தரையில் கிடந்தான். பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அவனுடைய அம்மா ஓடிவந்து கை நீட்டினாள்.

அவன் பிடிக்கவில்லை. முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான். பிறந்ததிலிருந்து அவனை யாரும் தள்ளியதில்லை.

“அடுத்த ஆட்டத்துல இருக்குடி உனக்கு.”

மூச்சு வாங்கிக்கொண்டே சஃப்ரீனா தான் பிடித்த நாற்காலியைக் காட்டினாள்.

“தோத்தவன்தானே, இந்தச் சேரை நீ எடுத்து வை.”