விருந்தாளிக்குத் திறக்காத கதவு

பீளமேடு தணிகாசலத்தின் வீட்டில் கதவு முதல் அடுப்பு வரை எல்லாமே குமிழ் கம்பெனிதான். கருவியும் அவர்களுடையது, அதை இயக்கும் மென்பொருளும் அவர்களுடையது. வேறு யாரும் கை வைக்க முடியாது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அன்று மகள் சம்யுக்தாவைப் பெண் பார்க்க வந்தவர்களின் கையில் வேறு கம்பெனிக் கடிகாரம். தணிகாசலம் கதவைத் திறந்தார். அந்தக் கடிகாரங்களைக் கண்டதும் அது தானே சாத்திக்கொண்டது.

"பத்தே நிமிசம் பொறுத்துக்குங்க," என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினார். "டிவியில குமிழ் கம்பெனியோட புது வெளியீட்டு விழா ஓடுது. விருந்தாளிக்குத் திறக்கற வசதிய இந்த வருசம் கண்டிப்பா விடுவாங்க." ஒன்பது வருடமாக அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"அதுவரைக்கும் வாசல்லயே நிக்கோணுமுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தணிகாசலம் டிவிக்கு ஓடினார். சம்யுக்தா காபித் தட்டோடு வெளியே போய், வாசற்படியிலேயே உட்கார்ந்து அவர்களோடு பேசத் தொடங்கினாள். சிரிப்புச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

விழா முடிந்தது. வசதி வரவில்லை, கதவு இனி ஊதா நிறத்திலும் கிடைக்குமாம்.

"அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. தேதி பேசோணும், வெளிய வாங்க!" என்று கூப்பிட்டாள் மகள்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதோ வந்தர்றேங் கண்ணு," என்றார். "ஊதாக் கதவுக்கு ஆர்டர் மட்டும் போட்டுக்கறேன்."