லோரிக்குக் காய்ச்சல்

"லோரிக்கும் காய்ச்சல் வருமா, மாமா?"

பக்கிரிசாமியின் ஐந்து வயது மகள் தனலெட்சுமி கேட்டாள். எஞ்சின் மேல் குனிந்திருந்த மெக்கானிக் கௌஸ் நிமிர்ந்தார்.

"வரும்மா. உள்ள ஓடுற தண்ணி நின்னுட்டா அதுக்கும் காய்ச்சல்தான்."

"அப்போ கொயினா மாத்திரை குடுப்பீங்களா?"

"கசக்கும்னு அது அழுமே!"

தனலெட்சுமி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்தது பக்கிரிசாமியின் பலகை வீடு. கிள்ளான் வரைக்கும் காய்கறி ஏற்றிப் போய் வந்த அவனுடைய பழைய லோரி, மூன்று நாளாகப் பாசார் சந்தை முனையைத் தாண்டுவதற்குள் கொதித்து ஆவி கக்கியது. இந்த நேரம் பார்த்து, நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரனின் உத்தரவு வேறு வந்திருந்தது. லோரி ஓடுமென்றால், லோரியும் டிரைவரும் வெள்ளிக்கிழமை சயாம் ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டும். ஓடாதென்றால் இரண்டும் இங்கேயே கிடக்கலாம்.

அதை எழுதிக்கொண்டு போகத்தான் ஜப்பான்காரன் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் சண்முகரத்தினம் கிராணி காகிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஓடுமோ ஓடாதோ எண்டு ஒரு சொல்லில சொல்லும், கௌஸ். பொய் எண்டு தெரிஞ்சால் உமக்கும் தலை மிஞ்சாது, எனக்கும் மிஞ்சாது."

"நோன்பு வச்சிருக்கேன் ஐயா. பொய் சொல்ல வாய் வராது."

"பாய் கை வச்சு ஓடாத லோரி இருக்கா லா?" என்றான் பக்கிரிசாமி. "எப்படியாச்சும் சரி பண்ணிடுங்க பாய். ஜப்பான்காரன்கிட்ட அடி வாங்க உடம்புல தெம்பு இல்ல. நாலே மாசந்தானாம், வீட்டுக்கு அரிசியும் குடுப்பானாம். உங்க மகன் அகமது வேற முன்னாடியே போயிருக்கான். எனக்குத் துணையா இருப்பான்."

கௌஸ் மறுபடி எஞ்சின் மேல் குனிந்தார்.

கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள் பக்கிரிசாமியின் மனைவி லெட்சுமி. அந்த லயத்திலிருந்து சயாமுக்குப் போன பதினோரு பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கௌஸ் காற்றாடி பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. ரப்பர் குழாய்களில் ஒழுக்கு இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மேல் குழாயைத் தொட்டார், சுட்டது. கீழ்க் குழாயைத் தொட்டார், சில்லென்று இருந்தது. மேலே வந்த தண்ணீர் கீழே இறங்கவில்லை.

அடியில் படுத்து வடிகால் திருகைக் கழற்றி விரலை விட்டார். விரலில் ஒட்டிக்கொண்டு வந்ததைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைக் கைலியில் துடைத்துக்கொண்டு, திருகை முடுக்கிவிட்டு எழுந்தார்.

"என்ன பாய்?"

கந்தலைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார் கௌஸ். தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது.

"பாத்தீங்களா ஐயா, குமிழி? எஞ்சினோட தலை இரும்பு, அந்த ஹெட், வெடிச்சிருக்கு. இந்த லோரி இனிமே ஓடாது."

"என்ன பாய் சொல்றீங்க!" பக்கிரிசாமி லோரியைப் பிடித்துக்கொண்டான். "இது எங்க சோறு பாய்!"

கிராணி எழுதிக்கொண்டார். "நல்லது. நாளைக்கு வேறொரு மெக்கானிக் வந்து கழட்டிப் பார்ப்பார். பக்கிரிசாமி, நீர் என்னோட கந்தோருக்கு வந்து கைநாட்டு வையும்."

இருவரும் தெருமுனை திரும்பும் வரை கௌஸ் காத்திருந்தார்.

"தங்கச்சி, ரேடியேட்டருல எவ்வளவு மரவள்ளி மாவு கொட்டினே?"

லெட்சுமி கதவு நிலையை விட்டு இறங்கி வந்தாள். "ரெண்டு சிரட்டைண்ணே... ராத்திரிக்குச் சாப்பிட வச்சிருந்தது. அவருக்கே தெரியாது. காட்டிக் குடுத்துடாதீங்க."

"மாவு வெந்து பசையா அடைச்சிருக்கு. ஆனா கழுவினா அரை மணி நேரத்துல போயிடும். நாளைக்கு வர்றவன் கழுவிடுவான். எப்படி வந்துச்சுன்னும் கேப்பான்."

"ஐயோ! இப்ப என்னண்ணே செய்யறது?"

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு உள்ள போ. நான் சொல்ற வரைக்கும் கதவைத் திறக்காதே."

கதவு சாத்தப்பட்டது. கௌஸ் ரேடியேட்டரைக் கழற்றி, வெள்ளைப் பிசுக்கு கொஞ்சமும் மிஞ்சாமல் கழுவிச் சாக்கடையில் ஊற்றினார். திரும்ப மாட்டினார். ஆனால் தண்ணீர் ஊற்றவில்லை. வெறும் வயிற்றோடு எஞ்சினை ஓடவிட்டு, இரும்பு காய்ந்து நாறும் வரை பக்கத்திலேயே நின்றார். முப்பது வருடத் தொழிலில் அவர் ஓர் எஞ்சினையும் கெடுத்ததில்லை. "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்து, வாளி நிறையப் பச்சைத் தண்ணீரை அதன் தலையில் கொட்டினார்.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஹெட் வெடித்துவிட்டது. நோன்பு வாயால் சொன்னது இப்போது பொய் இல்லை.

ஆவி அடங்கும் வரை கௌஸ் காலி வாளியோடு அங்கேயே நின்றார். சயாமில் அகமது மவுத்தாகிவிட்டான், இனி வரமாட்டான் என்று போன வாரம் வந்த சேதியை அவர் இந்தத் தெருவில் எவருக்கும் சொல்லவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் அகமதுவின் லோரியும் இப்படித்தான் கொதித்தது. அதன் ரேடியேட்டரில் அவர் மனைவி அமீனா பீவி கொட்டியிருந்த மரவள்ளி மாவை, "புத்தி கெட்டவளே" என்று திட்டியபடியே சுத்தமாகக் கழுவி, லோரியை ஓட வைத்து, ஒரே மகனை ஏற்றி அனுப்பியவர் கௌஸ்தான்.