வேரோடு நின்ற விஷம்

"உக்காருங்க சார், பொழுது சாயுது. நாங்க சமணருங்க, விளக்கு வெச்சிட்டா எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம்" என்றாள் சுருதி.

விமல்ராஜ் இலையில் வைத்திருந்த வெண்டைக்காய்ப் பொரியலைப் பார்த்தபடி நின்றான். கீழ்பென்னாத்தூரில் அவர்கள் நிலத்து வெண்டை இரண்டு வருடமாகக் கருகிப்போய், இப்போதுதான் காய்த்திருந்தது. தொண்டு நிறுவனத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டு, திருவண்ணாமலையிலிருந்து வாராவாரம் பைக்கில் வந்து, வேரில் பூஞ்சண உரம் போட்டுப் பயிரைக் காப்பாற்றியவன் அவன்தான்.

"லேப்ல என்ன சொன்னாங்க, இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி" என்றாள் சுருதியின் அம்மா ஜெயமதி. எத்தனை முறை கேட்டும் அவளுக்குத் திருப்தி வரவில்லை.

"மண்ணுல இருக்கிற குரோமிய வெஷத்த அந்தப் பூஞ்சணம் வேர்லயே புடிச்சி வெச்சிக்குதும்மா. காய்க்கு ஏறினது ரொம்பக் கம்மி. தாராளமா சாப்பிடலாம்."

"அப்புறம் நீங்க ஏன் சார் தொட மாட்டேங்கறீங்க?" சுருதிக்குச் சட்டென்று கோபம் வந்தது. "ரிசல்ட் பொய்யா?"

"சேச்சே... பசியில்லம்மா."

"பயம்னு சொல்லுங்க! எல்லாம் குரோம் முலாம் பூசற அந்த பிளேட்டிங் பட்டறைக்காரன் பண்ண அநியாயம். மூஞ்சியக்கூடக் காட்டாம, கழிவுத் தண்ணிய எங்க நெலத்துல வுட்டுட்டு, பட்டறைய மூடிட்டுப் போயிட்டான். அவனும் சரி, அவனுக்கு இடத்த வாடகைக்கு வுட்ட மகராசனும் சரி, வெளங்கவே மாட்டாங்க!"

"சோத்து முன்னாடி சாபம் வுடாதடி! போய்த் தண்ணி கொண்டா" என்று அதட்டினாள் ஜெயமதி.

சுருதி முணுமுணுத்தபடி உள்ளே போனாள். விமல்ராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வீட்டுச் சோற்றில் எந்த மூஞ்சியோடு கை வைப்பது?

"அம்மா, ரிசல்ட் உண்மைதான். நான்தான் பொய். தொண்டு நிறுவனம்லாம் ஒண்ணும் கெடையாது. அந்தப் பட்டறை... என்னுது."

அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து நின்றான்.

ஜெயமதி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையில் இன்னும் கொஞ்சம் வெண்டைக்காய்ப் பொரியல் வைத்தாள்.

"மெதுவா பேசுப்பா, அவ காதுல விழுந்துடப் போவுது. பட்டறைக்கு மாசாமாசம் உங்கிட்ட வாடகை வாங்கினானே மகாவீர், அவன் என் கூடப் பொறந்தவன். பேருக்குத்தான் அவன்... இடம் என்னுது."