பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்

ஜன்னல் வழியே சரியும் மாலை வெயிலில், உள்ளங்கை அளவு ராணுவ டாங்கி பொம்மை ஒன்று மேசைமேல் நிற்கிறது. உடம்புக்குப் பச்சையும் ஓரங்களுக்குத் துருவும் பூசியாயிற்று. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் சுண்டுவிரல் நக அளவு வீரனுக்குக் கண்ணும் வைத்தாயிற்று. இனிச் சேறுதான் பாக்கி. கடையில் வாங்கிய சேற்றுக் கலவையை அப்பா திறந்து பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார். சாக்லேட் மாதிரி மினுமினுக்கிறது. இந்தச் சேற்றில் எந்தப் படை நடந்திருக்கும்? எழுந்து போய், செருப்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து மகளின் கால்பந்து பூட்ஸ் ஜோடியை எடுத்து வருகிறார். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் கடைசியாக ஆடிவிட்டு அவள் கழற்றிப் போட்டது. அடியில் காய்ந்த மண் இன்னும் ஒரு புல்நுனியோடு ஒட்டியிருக்கிறது. ஒன்றைப் பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டுகிறார். பொடியைப் பசையில் குழைத்துச் சக்கரப் பட்டையில் ஒற்றியதும், டாங்கி நிஜமாகவே எங்கோ போய்த் திரும்பியதுபோல் ஆகிவிடுகிறது. "ஒரு பொட்டு மண்ணு உள்ள வந்தாலே அவள உண்டு இல்லன்னு ஆக்கிருவீங்க," என்கிறாள் துடைப்பத்தோடு வந்து நிற்கும் அம்மா. "இப்ப பூதக்கண்ணாடி வச்சு மண்ணு பூசுறீங்களாக்கும்." அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த பூட்ஸுக்குக் கை நீட்டுகிறார். அம்மா துடைப்பத்தைக் கீழே போடுகிறாள். மண் உதிர்ந்துவிடாதபடி அடியில் கைகொடுத்து, அந்தப் பூட்ஸை அவருக்கு முன்பே எடுத்துக்கொள்கிறாள்.

"அது உங்களுக்கு. இது எனக்கு."