மாத்திரை மட்டும் வேண்டாம்

"மேடை ஏறினதும் மாத்திரையைப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க அக்கா. பிரார்த்தனையாலதான் சரியாச்சுன்னு சொல்லுங்க, போதும்" என்றாள் பிரார்த்தனைக் குழுத் தலைவி.

தையல்கார அக்கா தயங்கினாள்.

அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். மூளைக்கும் பரவி, சட்டையில் ஒரே பக்கத்திலேயே இரண்டு கையையும் வைத்துத் தைக்கிற அளவுக்குத் தடுமாறிப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்து, அந்த வகை நோய்க்கென்றே இருக்கிற மாத்திரையைக் கொடுத்தார்கள். இப்போது மறுபடியும் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாத்திரையும் போட்டேனேம்மா..."

"போடுங்க, யாரு வேணாங்கறா? மேடையில அதைச் சொன்னா கடவுளுக்கு என்ன மரியாதை?"

கடவுளின் மரியாதை மொத்தத்தையும் தானே தூக்கிச் சுமப்பவள் போலப் பெருமூச்சு விட்டுவிட்டு, மைக்கைத் தட்டிப் பார்க்கப் போனாள் தலைவி.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கும் இதே நோய்தான். தலைக்கும் ஏறிடுச்சு. மாத்திரை கொடுத்திருக்காங்க. உங்களுக்கு வேண்டிக்கிட்டதிலேயே சரியாயிடுச்சாமே! நானும் மாத்திரையை நிறுத்திடலாம்னு பார்க்கறேன்."

அக்கா பதறிப்போய் வாயெடுத்தாள்.

அதற்குள் மேடையில் அவள் பெயரை அழைத்தார்கள். மைக் முன்னால் போய் நின்றாள். தலைவி கண்ணாலேயே மிரட்டினாள்.

"நானும் வேண்டிக்கிட்டேன். 'கடவுளே, எனக்குப் பொருந்தற மருந்தைக் காட்டு'ன்னு. காட்டினார். தினமும் கும்பிட்டுட்டு மாத்திரையைப் போடறேன். கட்டி சுருங்கியிருக்கு, முழுசாப் போகல. கொடுத்த மருந்தைத் தூக்கிப் போட்டுட்டுக் காப்பாத்துன்னு நின்னா அவருக்கே கோபம் வரும்மா!"

முன் வரிசைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நம்பிக்கை கெட்ட ஜென்மம்!" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

தலைவி பிடுங்காத குறையாக மைக்கை வாங்கி, மனுஷன் செய்த மருந்தை நம்புகிறவர்களைத் தொண்டை கிழிய வறுத்தெடுத்தாள்.

கூட்டம் கலைந்ததும் அக்காவை மாடிப்படிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மிச்சமிருக்கிற திட்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள் அக்கா.

தலைவி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மாத்திரை போட்டா மூஞ்சியெல்லாம் பரு பருவா வருதே, அதுக்கு நீங்க என்னக்கா தடவறீங்க? எங்க வீட்டுக்காரருக்கு எரிச்சல் தாங்கல!"