பதினெட்டாவது கடற்சாமந்தி

வீட்டு உப்புநீர் மீன்தொட்டிக்கு வாங்கிய கல்லில், பூப்போல விரியும் கடல் உயிரியான அந்தக் கடற்சாமந்தியும் ஒட்டிக்கொண்டு வந்தது. பழுப்பு நிறம், நகத்தளவு. அது தொட்ட இடமெல்லாம், தொட்டியில் வசுமதி வளர்த்த பவளம் வெளுத்தது. அவள் வேலைக்குப் போயிருந்தபோது, கணவன் சம்பத் உதவுவதாக நினைத்து அதைக் கத்தியால் சுரண்டிவிட்டான். சிதறிய துணுக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளர, மொத்தம் பதினெட்டாயின.

வசுமதி ஊசியில் எலுமிச்சைச் சாறு ஏற்றி ஒவ்வொன்றின் வாயிலும் செலுத்தினாள். பதினேழு சுருங்கிச் செத்தன. கடைசி ஒன்று பவளத்தின் அடியில் மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. இணையை இழந்த கோமாளி மீன் ஒரு வாரமாக அதில்தான் படுத்துக்கிடந்தது.

"இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே" என்றான் சம்பத்.

"நீங்க கத்திய எடுத்தப்பவும் ஒண்ணுதான் இருந்துச்சு."

"அதுக்காக மீனோட வீட்டை இடிப்பியா?"

"அஞ்சு வருஷம் வளர்த்த பவளம். இன்னும் ஒரு மாசம் தாங்காது."

அவள் ஊசியோடு கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மீன் பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. மறுபடியும் கடித்தது. கை அசைந்தால் ஊசி சாமந்தியைக் கிழிக்கும், கிழிந்தால் மீண்டும் துணுக்குகள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியின் தண்டைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தத் தொடங்கினாள்.