கிடா பேசிய பேரம்

மேய்ச்சல் காட்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. அதற்குள் அடைகாத்துக் கிடந்த கௌதாரி, மந்தையை ஓட்டி வந்த கிடாவிடம் கெஞ்சியது.

"இருபது நாள் இந்தப் பக்கம் வராதீங்கண்ணே. குஞ்சு பொரிஞ்சிரும்."

"எட்டு நாள்."

"பதினெட்டு?"

"பன்னிரண்டு. இதுக்கு மேல வாயைத் திறந்தா இப்பவே மந்தையை எறக்கிருவேன்."

பன்னிரண்டாம் நாள் கிடா வந்தது. கௌதாரி எழவில்லை.

"பேசின பேச்சு என்னாச்சு, அம்மணி?"

"நான் ஒத்துக்கிட்டேன். முட்டைக்குள்ள இருக்கிறதுக ஒத்துக்கலையே. பேரத்துல நீங்க கெட்டிக்காரர், நீங்களே பேசிப் பாருங்க," என்று கௌதாரி நகர்ந்து இடம் விட்டது.

கிடா குனிந்து ஒரு முட்டையில் காதை வைத்தது. வெகு நேரம் காதை எடுக்கவே இல்லை. பிறகு மந்தையைப் பார்த்துக் கத்தியது.

"இந்தப் புல்லு கசக்குது. மேற்கே நடங்க."

"வாயே வைக்கலையே, எப்படித் தெரியும்?" என்றது ஒரு ஆடு.

"எனக்குத் தெரியும். நட."